முன்பின் தெரியாதவருக்கு

இருபது துளைகள்.
பத்துப் பத்தாய் இரு வரிசை,
ஒற்றை எண்கள் மேலே, இரட்டை கீழே.
நாவற்குடாவில் இரவு பதினொன்றரை.
மின்விசிறி திரும்பும்போதெல்லாம்
தாள் ஒரு பக்கம் எழும்பிப் படுக்கிறது.
ஈயச் சுருளை அதன்மேல் வைத்துவிட்டு எழுதுகிறேன்:
எந்தப் பின்னில் எது.

பின் என்ற சொல்லுக்கு எங்களிடம்
ஏற்கெனவே ஒரு வேலை உண்டு.
பிறகு வருவது.
முன்பின் தெரியாத ஒருவர் பிறகு வந்து
இந்தத் துளைகளில் எதையோ செருகப் போகிறார்.
எதை, எந்தக் கையால், எந்த வெளிச்சத்தில்,
ஒன்றும் தெரியாமல் இடம் போட்டு வைக்க வேண்டும்.

முதல் போட்டில் எனக்கு ஒழுங்கு பிடித்திருந்தது.
ஒன்றில் ஐந்து வோல்ட். இரண்டில் தரை.
பிறகு வரிசையாக அளக்கிற கோடுகள்.
கடைசியில், இருபதில், மூன்று தசம் மூன்று.
கச்சேரிப் படிவம் போல
கட்டம் கட்டமாய் நிரம்பியிருந்தது.

சவளக்கடைப் புவிராசன்
அதை வாய்க்கால் கட்டில் வைத்து
டோர்ச்சை வாயில் கடித்தபடி
உப்பு அளக்கிற தலையைச் செருகினார்.
தலைகீழாக.
ஒன்று இருபதாயிற்று.
"என்னகா இது, மணக்குது"
என்றார் போனில்.
உங்கட பிழை என்று சொல்ல வாய் வந்தது.
ஆனால் செருகி பொருந்தியதே.
பொருந்துவதைத்தானே கை நம்பும்.

கறுத்த போட் பஸ்ஸில் வந்து சேர்ந்தது,
சொப்பிங் பையில் சுற்றி,
ஒரு மூலையில் வயற்சேறு காய்ந்து.
சுரண்டாமல் மேசையில் வைத்துக்கொண்டு
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

தரையை இரண்டு இடத்தில் வைத்தேன்,
இரண்டிலும் பத்தொன்பதிலும்.
எப்படித் திருப்பினாலும் தரை தரைமேலேயே விழும்.
இந்தக் கரையில் மூன்று முழம் தோண்டினால் தண்ணீர்;
ஒரேயொரு தரையை நம்பி
எதையும் கட்டுகிற ஆட்களில்லை நாங்கள்.
மூன்று தசம் மூன்றை நடுவுக்குக் கொண்டுபோனேன்,
பத்துக்கும் பதினொன்றுக்கும்.
ஒன்றில் ஐந்து வோல்ட் அப்படியே இருக்க
அதற்கு நேரெதிரே இருபதை வெறுமையாய் விட்டேன்.
எதனோடும் சேராத துளை.
பிழை வந்து விழுவதற்கென்றே ஒரு குழி.

இன்னும் இரண்டு மிஞ்சின,
பதின்மூன்றும் பதினான்கும்.
குறிப்பில் 'ஒதுக்கப்பட்டது' என்று போடுவது வழக்கம்.
பேனை நின்றது.
அந்தச் சொல்லைத் தகரப் பலகையில் வாசித்தவர்கள்
அம்பாறைப் பக்கம் இருக்கிறார்கள்,
போன போகம் தாங்கள் விதைத்த காணியின் வரம்பில் நின்று.
வெட்டிவிட்டு எழுதினேன்:
சும்மா கிடக்கு, எடுங்க.

படம், பட்டியல், எல்லாவற்றையும்
யாரும் எடுக்கட்டும் என்று வெளியே விட்டேன்.

ஏழு மாதம். வாவி ஒருமுறை பெருகி வடிந்தது.
மருதமுனையிலிருந்து ஒரு புகைப்படம்.
ஹஸ்மியா என்று பெயர். அவவை நான் கண்டதில்லை.
உப்பு அளக்கச் செய்த என் போட்
விசைத்தறியின் காலில் கட்டுண்டிருந்தது.
பதினான்காம் பின்னில் மெல்லிய கம்பி.
பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நிற்கும்.
வயல், இறால் பண்ணை, கிணறு எல்லாம் நினைத்தேன்,
நூலை நான் நினைக்கவே இல்லை.

சிக்கல் இப்போதுதான்.
போட்டுக்குள் பதினான்கை உரசிக்கொண்டு போகிறது
ஒரு கடிகாரக் கோடு.
அதன் இரைச்சல் ஏறி
நாளைக்கு இரண்டு தரம்
அறாத இழைக்காகத் தறி நிற்கிறதாம்.
குறையாகச் சொல்லவில்லை அவ. எழுதியிருந்தா, அவ்வளவுதான்.

பதினான்கைப் பதினாறுக்கு மாற்றினால்
ஒரு நிமிட வேலை.
ஆனால் கொடுத்த எண் கொடுத்ததுதான்.
எந்தெந்த ஊரில் எத்தனை கம்பிகள்
அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றனவோ,
எண்ணிப் பார்க்க எனக்கு வழியில்லை.

ஆகவே கடிகாரக் கோட்டைப் பிடுங்கி
போட்டின் மற்றக் கரையால் சுற்றி விடுகிறேன்.
நீளம் கூடுகிறது. வளைவு அசிங்கமாயிருக்கிறது.
இடையில் ஒரு தரைக்கோடு.

மின்விசிறி திரும்புகிறது, தாள் எழும்புகிறது.
பதின்மூன்று இன்னும் சும்மா கிடக்கு.